பதினோராம் வீட்டுக்காரி

ஜூலை 9

பாப்பாவின் அம்மாவுக்கு,

வந்து சேர்ந்தேன், நலம். இங்கே செல்போன் கோபுரம் வெள்ளத்தில் சாய்ந்து கிடக்கிறது. அதை நிமிர்த்த ஆள் வரும் வரை கடிதம்தான். மரம் ஏற்றி வரும் லாரிக்காரர் வாரம் ஒரு தடவை நம் பக்கம் வருகிறார். கொடுத்தால் பத்திரமாகச் சேர்த்துவிடுவார். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஆறு கரையை உடைத்த இடத்தை வந்த அன்றே போய்ப் பார்த்தேன். தெரு இருந்த இடம் முழுக்கச் சேறு. நடுவில் ஒரு மாடிப்படி மட்டும் நிற்கிறது, ஏறிப் போனால் மேலே வீடு இல்லை. ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். ஒரு வகுப்பறைக்கு நாலைந்து குடும்பம். பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவே புடவையைக் கட்டி, இது எங்கள் பக்கம், அது உங்கள் பக்கம் என்று நாளை ஓட்டுகிறார்கள். அவர்களுக்குத்தான் மேட்டு நிலத்தில் வீடு கட்டுகிறோம். குடும்பத்துக்கு ஒரு அறை, ஒரு சமையல் மூலை, குளிக்க ஒரு தடுப்பு. ப்ளைவுட் சுவர், தகரக் கூரை. ஆறு மாதத்துக்கு என்று பேச்சு.

ஒரு வேடிக்கை கேள். வரைபடத்தில் கதவுக்கு உள் தாழ்ப்பாள் இல்லை. அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் சட்டென்று திறந்து பார்க்க வசதியாம். நானும் வரைபடத்தில் உள்ளபடியே கதவுகளை மாட்டிக்கொண்டே போனேன். பதினோராம் வீடு ஒதுக்கப்பட்ட ஒரு பெண் வந்தாள். பள்ளி வேன் ஓட்டினவள், வேன் ஆற்றோடு போயிற்று. படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாரையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தனியாக அல்லாடுகிறாள். கதவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "உள்ள தாழ்ப்பாள் எங்க?" என்று கேட்டாள். படத்தில் இல்லை என்றேன். "அப்ப இது கதவில்லைங்க, பலகை" என்றாள்.

சொன்னதோடு விடவில்லை. நேரே போய் இஞ்சினியரின் கூடாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இஞ்சினியரும் நல்ல மாதிரி, அன்றைக்கே படத்தை மாற்றிவிட்டார். இப்போது எனக்கு எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் போடுகிற வேலை. போடப் போட அவள் வந்து ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்க்கிறாள். சரியாக விழுந்துவிட்டால் இந்தக் கோடியில் சிரித்தால் அந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரி சிரிப்பு. பெரிய கெட்டிக்காரி. நீ பார்த்தால் உனக்கும் பிடிக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பாப்பாவுக்கு முத்தம். அண்ணனையும் அண்ணியையும் கேட்டதாகச் சொல்.

பாப்பாவின் அப்பா


ஜூலை 17

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் அண்ணன்தான் வாங்கினார், அவரே பிரித்தார், கூடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கான்" என்று மடித்து என்னிடம் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. இந்த வீட்டில் யாருமே கெட்டவர்கள் இல்லை. இன்னொருத்தி கடிதத்தைப் பிரிக்கக்கூடாது என்று யாருக்கும் தோன்றாது, அவ்வளவுதான். இனிமேல் நான் வேலை செய்யும் சலவைக் கடை விலாசத்துக்கு அனுப்புங்கள். கோபுரம் நிமிர்ந்தாலும் போன் செய்ய வேண்டாம். கூடத்தில் நின்றுகொண்டு "சரி", "ம்", "சாப்பிட்டாச்சு" என்பதைத் தவிர நான் வேறு என்ன பேசிவிட முடியும்?

வேன்காரிக்கு ஒரு முழுப் பக்கம். எனக்கும் பாப்பாவுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரு வரி. அதிலும் பாதியை உங்கள் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டீர்கள். அவள் எப்படிச் சிரிப்பாள் என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்துவிட்டது. முகம் எப்படி இருக்கும் என்பதை மட்டும் எழுதவில்லை. மறந்துவிட்டீர்களா, இல்லை வேண்டுமென்றே விட்டீர்களா?

நானும் ஒரு நாள் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? கூடத்து மூலையில் நாம் படுக்கிற இடத்தைச் சுற்றித் திரைக்குப் பதிலாகப் பலகைத் தடுப்பு வைத்து ஒரு கதவு போடுங்கள் என்றேன். கதவு செய்கிற கைதானே என்றேன். அண்ணன் மனசு நோகும், அவர் வீட்டில் நாம் கதவு வைத்தால் அவர்களைத் திருடர்கள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றீர்கள். அவள் கேட்டால் கெட்டிக்காரி, நான் கேட்டால் குடும்பத்தைப் பிரிக்கிறவள். நல்ல நியாயம்.

பாப்பா ஒரு பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு அதற்குள்ளேயே உடை மாற்றக் கற்றுக்கொண்டாள். கழுத்துக்குக் கீழே ஒரு விரல் வெளியே தெரியாது. சமர்த்து, சமர்த்து என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

உங்களுக்குக் காய்ச்சல் மாத்திரையையும் தைத்து வைத்த சட்டையையும் லாரிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன்.

பாப்பாவின் அம்மா


ஜூலை 28

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. ஆனால் சேதி வந்துவிட்டது.

லாரிக்காரர் நேற்று வீட்டுக்கே வந்தார். பொட்டலத்தை உங்கள் கையில் கொடுத்தாரா என்று கேட்டேன். இல்லையாம். முகாம் வாசலில் நின்று தச்சர் எங்கே என்று கேட்டிருக்கிறார். "அவரு வீட்டுக்காரி வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு" என்று காவல்காரர் சொன்னாராம். இவரும் எட்டிப் பார்த்தாராம். ஒரு பெண் பரிமாற, நீங்கள் சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களாம். பொட்டலத்தைக் காவல்காரரிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டாராம்.

இதை அவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லவில்லை. தனியே என்று ஒரு இடம் இருந்தால்தானே? கூடத்தில் உங்கள் அண்ணன், அண்ணி, அவர்கள் பெண், டிவி, எல்லோரும் இருக்கையில் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டு, கொடுத்த டீயைக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். உங்கள் அண்ணி டிவி சத்தத்தைக் குறைத்தாள். ஏன் குறைத்தாள் என்று எனக்குத் தெரியும். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்க.

நான் எழுந்துவிட்டேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பாதி அழுகையில் உங்கள் அண்ணன் மகள் தட்டினாள். "சித்தி, சீக்கிரம் வாங்க, அவசரம்." முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து அவளுக்கு வழிவிட்டேன். இந்த வீட்டில் அழுவதற்கும் வரிசையில் நிற்க வேண்டும்.

யார் அந்த வீட்டுக்காரி? பதில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.


ஆகஸ்ட் 2

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. இரண்டாம் தரம் படிக்கும்போது, கோபித்துக்கொள்ளாதே, சிரித்துவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டு.

முகாம் அதிகாரி தினமும் பேர் கூப்பிடுவார். பேர் சொல்லியா கூப்பிடுவார்? "பயனாளி ஒன்று, பயனாளி இரண்டு" என்பார். பால் பவுடர் கொடுக்கக் கூப்பிட்டாலும் பயனாளி, சண்டைக்குப் பஞ்சாயத்து வைத்தாலும் பயனாளி. ஒரு நாள் "பயனாளி பதினொன்று" என்றதும் வேன்காரி எழுந்திருக்கவே இல்லை. அவர் மறுபடி மறுபடி கத்தினார். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அப்படி யாரும் இங்க இல்லைங்க. வீடு கொடுத்திருக்கீங்கல்ல? வீட்டுக்காரின்னு கூப்பிடுங்க, வர்றேன்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். அதிலிருந்து முகாம் முழுக்க அதுதான் வழக்கு. நாலாம் வீட்டுக்காரர், ஒன்பதாம் வீட்டுக்காரி. காவல்காரரும் அப்படியே பழகிவிட்டார். உள்ளே போவதென்றால் கதவைத் தட்டி, "வீட்டுக்காரங்க இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அதிகாரியே ஆனாலும். அந்த அர்த்தத்தில்தான் அவர் சொன்னது. லாரிக்காரர் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார். இதற்கு நான் என்ன செய்வேன்?

அன்றைக்கு அவள் வீட்டில் சாப்பிட்டது உண்மை. நான் மட்டும் இல்லை, இஞ்சினியரும் இன்னும் இரண்டு வேலையாட்களும் இருந்தார்கள். புது அடுப்பில் முதல் சமையல் என்று எங்களைக் கூப்பிட்டாள். லாரிக்காரர் எட்டிப் பார்த்தபோது அவர்கள் கை கழுவப் போயிருப்பார்கள்.

முகம் எப்படி என்று கேட்டாய். நன்றாகத்தான் இருக்கும். பொய் எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். எனக்கு அவளைப் பிடிக்கும், அவள் துணிச்சல் பிடிக்கும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பாப்பா மேல் சத்தியம்.

இதை அண்ணியிடமும் விளக்கிச் சொல்லிவிடு. பாவம், அவர்களும் கவலைப்பட்டிருப்பார்கள்.

பாப்பாவின் அப்பா


ஆகஸ்ட் 10

பாப்பாவின் அப்பாவுக்கு,

சிரித்தீர்களாம். நான் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், நீங்கள் சிரித்தீர்கள். நல்ல ஜோடி.

நீங்கள் சொல்வதை நம்புகிறேன். பாப்பா மேல் பொய்ச் சத்தியம் செய்கிற ஆள் நீங்கள் இல்லை. அவள் மேல் எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். இருக்கிறது. நிறைய இருக்கிறது. உங்களை அவள் பிடுங்கிக்கொள்வாள் என்று இல்லை. நீங்கள் என்ன பெரிய புதையலா? அவளுக்கு வேறு வேலை இல்லையா?

அந்த வார்த்தையின் மேல் பொறாமை. வீட்டுக்காரியாம். தாலி கட்டிய நாளிலிருந்து கடையில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில் "இது என் வீட்டுக்காரி" என்று என்னைக் காட்டுகிறீர்கள். எந்த வீட்டுக்கு நான் காரி? நாம் குடியிருந்த வீட்டைச் சாலை போட இடித்தபோது, ஆறு மாதம் அண்ணன் வீட்டில் இருப்போம், தற்காலிகம்தான் என்றீர்கள். பாப்பா பிறப்பதற்கு முன்னால் சொன்னது அது. பாப்பா இப்போது இரண்டாம் வகுப்பு. ஆறு வந்து வாரிக்கொண்டு போனால் முகாம், இஞ்சினியர், தாழ்ப்பாள், தட்டிவிட்டு உள்ளே வருகிற அதிகாரி. சாலைக்காரன் வந்து இடித்தால் ஒரு திரை.

அவள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் நான் ரொம்ப நேரம் நின்றேன். என்னை ஒருவரும் ஒரு நாளும் தட்டிக் கூப்பிட்டதில்லை. திரையை எப்படித் தட்டுவது? நீங்களே உள்ளே வரும்போது இருமிக்கொண்டு வருவீர்கள், அவ்வளவுதான். அதுவும் உங்களுக்குச் சளி பிடித்திருக்கும்.

உங்கள் அண்ணியிடம் விளக்கிவிட்டேன். கூடத்தில் வைத்து, சத்தமாக, டிவியைவிடச் சத்தமாக. நம்பினாளா என்று தெரியவில்லை. "ஆம்பளைங்க ஆயிரம் சொல்வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

எப்போது வருகிறீர்கள்? வந்ததும் அண்ணனிடம் பேசுவீர்களா, மாட்டீர்களா? எனக்கு இது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

பாப்பாவின் அம்மா


ஆகஸ்ட் 19

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீ எழுதியது எல்லாம் நியாயம்தான். திரும்பி வந்ததும் அண்ணனிடம் நேரம் பார்த்துப் பேசுகிறேன். அவர் உடம்பு வேறு சரியில்லை, உனக்கே தெரியும். பக்குவமாகப் பேச வேண்டும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஆத்திரப்படாமல் படி. ஆற்றின் மேல் பக்கத்தில் இன்னொரு தெருவும் வெள்ளத்தில் போயிருக்கிறது. அவர்களும் பள்ளிக்கூடத்தில்தான் கிடக்கிறார்கள். அவர்களுக்கும் கட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று இஞ்சினியர் கேட்டார். வேறு தச்சர் கிடைக்கவில்லையாம். ஒரு அம்மாள், கைக்குழந்தையோடு, வகுப்பறையில் கரும்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுப்பதைப் பார்த்தேன். முடியாது என்று எப்படிச் சொல்வேன்? சரி என்றுவிட்டேன். மழைக்காலத்துக்குள் முடித்துவிடுவோம். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள். தற்காலிகம்தானே.

பாப்பாவின் அப்பா


செப்டம்பர் 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

"தற்காலிகம்தானே" என்று எழுதி, அடித்துத் திருத்தாமல் அப்படியே அனுப்பிவிட்டீர்களே, உங்களுக்கு அந்த வார்த்தை கொஞ்சமும் கூசவில்லையா?

கைக்குழந்தைக்காரிக்குக் கட்டிக் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்ல நான் அரக்கி இல்லை. நானும் பாப்பாவுக்குத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பால் கொடுத்தேன். அவளுக்கு உங்கள் கை வேண்டும். ஆனால் எல்லோருக்கும் கட்டி முடித்துவிட்டு, அண்ணன் உடம்பு தேறி, நேரம் பார்த்து, பக்குவம் பார்த்து நீங்கள் என் பக்கம் வரும்போது பாப்பாவுக்கே கல்யாணம் ஆகியிருக்கும்.

சலவைக் கடைக்கு மேலே பின்பக்கம் ஒரு அறை இருக்கிறது. துணி மாட்டுகிற கம்பிகளைப் போட்டு வைத்திருந்த இடம். ஒரு சன்னல், ஒரு குழாய், சமைக்க ஒரு மேடை. கதவு கிடையாது. கடைக்காரம்மா முன்பே ஒரு தடவை, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தாள். உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே போய், கதவு போட்டுக் கொடுத்தால் வருகிறேன், உள்ளே தாழ்ப்பாள் வேண்டும் என்றேன். இப்படிக் கேட்பது கெட்டிக்காரத்தனம் என்று எங்கேயோ படித்திருந்தேன்.

ஒரு தச்சன் வந்து போட்டான். பாப்பாவும் நானும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டோம்.

உங்கள் அண்ணனிடம் நானே சொன்னேன். நேரமும் பார்க்கவில்லை, பக்குவமும் பார்க்கவில்லை. "அந்த மூலைய என்ன பண்றதுன்னு உங்க அக்கா ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தா" என்றார். மனசு நோகும், மனசு நோகும் என்று இத்தனை வருஷம் நீங்கள் பொத்திப் பொத்தி வைத்த மனசு அவ்வளவுதான் நொந்தது. பெட்டியைக் கீழே இறக்கிக் கொடுத்ததும் அவர்தான்.

கடைக்காரம்மா, "வீட்டுக்காரர் எப்ப வருவாரு?" என்று கேட்டாள். எனக்கு என்ன துணிச்சலோ, "வீட்டுக்காரர் நான்தாங்க. அவரு விருந்தாளி, வந்தா வருவாரு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும்தான்.

பாப்பா முதல் நாள் முழுக்கக் கதவுக்கு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு என்னை வெளியே நிற்க வைத்தாள். நான் தட்டினால் "யாரு?" என்கிறாள். அம்மா என்றால், "என்ன வேணும்?" என்கிறாள். துண்டு இல்லாமல் உடை மாற்றினாள். நான் திரும்பிக்கொண்டேன்.

பாப்பாவின் அம்மா


செப்டம்பர் 9

பாப்பாவின் அம்மாவுக்கு,

யார் அந்தத் தச்சன்?

சந்தோஷம் என்று முதல் வரியில் எழுதத்தான் நினைத்தேன். கை இதைத்தான் எழுதுகிறது. என்ன மரம் போட்டான்? நிலையைச் சுவரில் சரியாகப் பதித்தானா, இல்லை ஆணி அடித்து ஒப்பேற்றிவிட்டுப் போனானா? கீல் இரண்டா மூன்றா? ஆள் இளவட்டமா? "ஒரு தச்சன் வந்து போட்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். வேன்காரிக்கு நான் ஒரு பக்கம் எழுதினேன் என்று குறை சொன்னாயே, நீயும் அரைப் பக்கமாவது எழுதியிருக்கலாம். ஒரு வரியில் முடித்தால் மனுஷனுக்கு என்னென்னவோ தோன்றாதா? டீ கொடுத்தாயா அவனுக்கு?

இரண்டு நாளாக எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு கதவைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். இஞ்சினியர் என்ன ஆயிற்று என்று கேட்டார். என் வீட்டுக்காரிக்கு வேறு ஒருவன் கதவு மாட்டிவிட்டான் என்று சொல்ல முடியுமா? வேன்காரி மட்டும் எப்படியோ என் முகத்தைப் பார்த்துக் கறந்துவிட்டாள். கேட்டதும் சிரித்தாள். அந்தக் கோடிக்குக் கேட்கிற சிரிப்பு. அது எனக்கு இப்போது பிடிக்கவில்லை.

இங்கே பார்க்கிற கதவெல்லாம் நான் போட்டது. ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ தாழ் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நீ தாழ் போட்டுக்கொள்கிற கதவு மட்டும் எவனோ ஒருவன் இழைத்தது. எவ்வளவு எரிகிறது என்று உனக்குத் தெரியாது. இல்லை, உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மேல் தெருக்காரர்களின் வேலை பாதி ஆகியிருக்கிறது. சனிக்கிழமை ஒரு நாளைக்கு விடுப்புக் கேட்டிருக்கிறேன். இஞ்சினியர் சரி என்றார். நீயும் சரி என்றால் வருகிறேன். வரலாமா?

பாப்பாவின் அப்பா


செப்டம்பர் 14

பாப்பாவின் அப்பாவுக்கு,

டீ கொடுத்தேன். இரண்டு தடவை கொடுத்தேன். நன்றாக எரியட்டும்.

சனிக்கிழமை கடை அரை நாள். மதியத்துக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். பாப்பாதான் "யாரு?" என்று கேட்பாள், யோசித்துப் பதில் சொல்லுங்கள், லேசில் திறக்க மாட்டாள்.

கதவின் அடிப்பக்கம் தரையில் உரசுகிறது. மூடும்போதெல்லாம் கிறீச்சென்று ஒரு சத்தம். அந்தத் தச்சனைக் கூப்பிட்டுக் கொஞ்சம் இழைத்துவிடச் சொல்லட்டுமா என்று கடைக்காரம்மா தினமும் கேட்கிறாள்.

வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.